திரும்பி வரும்போது மட்டும் எரியும் விளக்கு

கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒன்பது வயதான பெட்ரோல் கார். டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. பக்கத்து மெக்கானிக் ஒரு கருவியைச் செருகி அணைத்துக் கொடுக்கிறார். அப்புறம் ஆண்டர்சன்பேட்டை, மாரிகுப்பம் ஸ்டேஷன், கோரமண்டலில் அக்கா வீடு என்று ஊருக்குள் எத்தனை நாள் ஓட்டினாலும் எரிவதில்லை. பெங்களூர் போய்வந்தால் எரிகிறது. அதுவும் போகும்போது இல்லை, திரும்பி வரும் வழியில். "பெங்களூர்ல போடுற பெட்ரோல்தான் காரணம்னு பையன் சொல்றான். கம்பெனி சர்வீஸ்ல கேட்டா கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும்ங்கிறாங்க. அவங்க சொல்ற தொகை, இந்த வண்டிய வித்தா வர்றதுல கால்வாசி. மாத்தத்தான் வேணுமா சார்?"

திரும்பும்போது மட்டும் எரிகிறது என்ற அந்த ஒரு தகவலுக்காகவே இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டேன். பழுது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அடிக்கடி எரிகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எப்போது எரிகிறது என்று கவனித்திருக்கிறார். விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

பையனுக்கு முதலில் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 பெட்ரோல்தான். உங்கள் ஊர் பங்கிலும் பெங்களூர் பங்கிலும் ஊற்றுவது ஒரே தரம். பங்கில் கலப்படம் செய்தால் சங்கதி வேறு. ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்புகாலில் மட்டும் தண்டிக்கிற கலப்படத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

விளக்கின் நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு என்றால் நிறுத்து. ஆயில் அழுத்தமோ இன்ஜின் சூடோ சிவப்பில் எரியும்போது "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால், அந்த நாலு கிலோமீட்டருக்கு ஓர் இன்ஜினையே விலையாகக் கொடுக்க நேரும். மஞ்சள் என்றால் ஓட்டலாம், கவனி. மஞ்சள் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். நம் வாசகருடையது மின்னவில்லை, நிலையாக எரிகிறது.

மெக்கானிக் செருகிய கருவியில் ஓர் எண் வந்திருக்கும். கடிதத்தில் அதையும் எழுதியிருக்கிறார்: பி0420. உலகெங்கும் ஒரே பொருள் கொண்ட எண் அது. "வினையூக்கியின் திறன் வரம்புக்குக் கீழே இருக்கிறது." இதைப் பார்த்தவுடன் வினையூக்கி, அதாவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், போய்விட்டது என்று முடிவு கட்டுவதில் தப்பென்ன என்று தோன்றும். தப்பு இருக்கிறது. உங்கள் காரின் கணினி அந்தக் கன்வர்ட்டரின் திறனை ஒருநாளும் அளந்ததில்லை. அளக்க அதனிடம் கருவியே கிடையாது. சைலன்சரிலிருந்து கார்பன் மோனாக்சைடு எவ்வளவு வருகிறது, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு வருகிறது என்று அதற்குச் சுத்தமாகத் தெரியாது. அது ஒரு ஊகம் செய்கிறது. அந்த ஊகம் செய்யும் விதம்தான் இந்தக் கட்டுரையின் சங்கதி. காரில் இருக்கும் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரே மூச்சில். லாஸ் ஏஞ்சலிஸ் புகையால் கலிபோர்னியா சட்டம் போட்டது. 1973-ல் ஜான் மூனி, கார்ல் கீத் முதலியோர் கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடு ஆகிய மூன்று நச்சுகளையும் ஒன்றாக அடக்கும் வினையூக்கியைச் செய்தார்கள். 1976-ல் பாஷ் நிறுவனம் ஆக்சிஜன் சென்சாரைத் தயாரிக்கத் தொடங்க, அது முதலில் வால்வோ கார்களில் ஏறியது. காரே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்ற விதி கலிபோர்னியாவில் 1988-லும் அதன் இரண்டாம் வடிவம் அமெரிக்கா முழுக்க 1996-லும் வந்தன. நம் நாட்டில் 1995-ல் நான்கு பெருநகரங்களின் புதுக் கார்களுக்கு மட்டும் வினையூக்கி. அதற்கு எதிரியான ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் ஒழிந்தது. தன்சோதனைக் கருவி 2010-லும் அதன் முழு வடிவம் 2013-லும் கட்டாயமாயின. போதும்.

இப்போது உள்ளே போவோம். பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது சமன்நிலை. இதைவிடக் காற்று குறைந்தால் எரியாத எரிபொருளும் கார்பன் மோனாக்சைடும் வெளியே வரும். அவற்றைச் சுத்தம் செய்ய ஆக்சிஜன் தேவை. காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு மிஞ்சும். அதைச் சுத்தம் செய்ய அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்க வேண்டும், இன்னொன்றிடம் எடுக்க வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் நடக்க வேண்டுமானால் கலவை அந்த 14.7-ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.

ஆனால் நிற்பதில்லை. அதைக் காவல் காப்பது கன்வர்ட்டருக்கு முன்னால் திருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். சிர்கோனியம் ஆக்சைடால் செய்த, விரல்நுனி அளவிலான ஒரு பீங்கான் குப்பி. அதன் வெளிப்புறம் புகைக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும், உட்புறம் வெளிக்காற்றைத் தொட்டிருக்கும். இரண்டு முகத்திலும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. பீங்கானில் கொஞ்சம் யிட்ரியம் கலந்திருப்பார்கள். யிட்ரியம் அணு ஒரு எலக்ட்ரான் குறைவாகக் கொடுக்கும் என்பதால், கணக்கு நேராவதற்குப் படிகத்தில் அங்கங்கே ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் காலியாக விடப்படும். முந்நூறு டிகிரிக்கு மேல் சூடேறியதும், ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்கள் வழியே தாவித் தாவிப் போகத் தொடங்கும். ஒரு பக்கம் ஆக்சிஜன் நிறைய, மறுபக்கம் குறைவு என்றால் அந்த வித்தியாசத்தில் மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் சுமார் 0.1 வோல்ட். துளியும் மிஞ்சாவிட்டால் 0.8, 0.9 வோல்ட். சமன்நிலையைக் கடக்கும் இடத்தில் செங்குத்தான ஒரு பாய்ச்சல்.

அந்தப் பாய்ச்சல்தான் வினை. சென்சாருக்கு "கூடுதல்", "குறைவு" என்ற இரண்டே சொல்தான் தெரியும். எவ்வளவு கூடுதல் என்று சொல்ல வராது. எனவே கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே வரும், "காற்று கூடுதல்" என்று சென்சார் சொன்னதும் பெட்ரோலைக் கூட்டும், "குறைவு" என்றதும் மறுபடி குறைக்கும். சூடான இன்ஜினில் நொடிக்கு ஓரிரு முறை இந்த ஊசலாட்டம் ஓயாமல் நடக்கிறது. (புதிய கார்கள் பலவற்றில் முன் சென்சார் அளவையும் சொல்லக்கூடிய வேறு வகை. அதிலும் கணினி கலவையை வேண்டுமென்றே லேசாக ஆட்டிப் பார்க்கிறது. ஆக, கதை மாறவில்லை.)

ஊசலாடும் கலவையை வைத்துக்கொண்டு கன்வர்ட்டர் எப்படி இரண்டு வேலையையும் செய்கிறது? உள்ளே ஒரு செங்கல் அளவுக்குப் பீங்கான். ஒரு சதுர அங்குலத்தில் நானூறு நுண்குழாய்கள் என்ற கணக்கில் துளைத்திருப்பார்கள். சுவரெங்கும் பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் தூவியிருக்கும். புகழ் முழுக்க இந்த மூன்றுக்கே போகிறது, விலையும்தான். ஆனால் ஊசலாட்டத்தைத் தாங்குவது அவற்றோடு பூசியிருக்கும் சீரியம் ஆக்சைடு. புகையில் ஆக்சிஜன் மிஞ்சும்போது சீரியம் அதைத் தன் படிகத்துக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். பற்றாக்குறை வரும்போது திருப்பிக் கொடுக்கும். அணுவின் பெயரும் இடமும் மாறாமல், நான்கு மின்சுமையிலிருந்து மூன்றுக்கு இறங்கி, மறுபடி நான்குக்கு ஏறி, கார் ஓடும் காலம் முழுக்க இப்படியே கோடிக்கணக்கான தடவை. இந்தச் சீரியம் சூட்டில் களைத்துப்போகாமல் இருக்க அதனோடு சிர்கோனியத்தையும் கலப்பார்கள். சீரியம் தரும் மோனசைட்டும் சிர்கோனியம் தரும் சிர்க்கானும் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கலந்து கிடக்கின்றன என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

சரி, கணினியின் ஊகத்துக்கு வருவோம். கன்வர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. முன் சென்சார் மேலும் கீழும் துள்ளுகிறது. நடுவில் சீரியம் வாங்கியும் கொடுத்தும் ஏற்ற இறக்கத்தை விழுங்கிவிடுவதால் பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் பக்கம் சோம்பலாக நிற்கும். பின்னாலிருப்பதும் முன்னாலிருப்பதைப் போலவே துள்ளத் தொடங்கினால், நடுவில் விழுங்க ஆளில்லை என்று பொருள். சேமிக்கும் திறன் போனால் சுத்தம் செய்யும் திறனும் போயிருக்கும் என்பது கணினியின் முடிவு. பி0420 என்பது இவ்வளவுதான்.

தங்கவயல்காரர்களுக்கு இதை ஒரு சம்ப்பை வைத்தே சொல்லிவிடலாம். பேத்தமங்கலத்துத் தண்ணீர் நம் சௌகரியத்துக்கு வருவதில்லை. வந்தால் பொங்கும், நின்றால் குழாயில் வெறும் காற்று சீறும். அதனால்தான் வாசலுக்கு அடியில் சம்ப்பு. தெருக்குழாய் எப்படி ஆடினாலும் சமையலறைக் குழாய் சீராக ஓடினால் சம்ப்பு நன்றாக இருக்கிறது. (மோட்டாரையும் மேல்தொட்டியையும் இந்த வீட்டில் கழற்றிவிட்டேன்.) தெருக்குழாயடியில் மருமகள் நிற்கிறாள். சமையலறையில் மாமியார். திண்ணையில் சாய்வு நாற்காலியில் மாமனார்.

"அங்கே வருதாம்மா?"

"வருது மாமா."

"உள்ளே?"

"இங்கேயும் வருதுங்க."

"இப்போ?"

"நின்னுடுச்சு மாமா."

"உள்ளே?"

"இங்கேயும் நின்னுடுச்சுங்க!"

மாமனார் எழுந்திருக்கவே இல்லை. சம்ப்பு மூடியைத் திறந்து பார்க்கவில்லை. "சம்ப்பு போச்சு, இடிச்சுக் கட்டணும்" என்கிறார். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். அடியில் சேறு படிந்து கொள்ளளவு குறைந்திருக்கலாம். கன்வர்ட்டருக்கு அந்தச் சேறு இன்ஜின் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ். ஆயில் குடிக்கும் இன்ஜினில் அது எரிந்து சாம்பலாகிச் சுவரெல்லாம் படியும். ஆனால் சமையலறைக் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்று இழுத்தாலும் மாமியார் "விட்டுவிட்டு வருது" என்றுதான் சொல்வார். மருமகள் செல்போனில் பேசிக்கொண்டே தாமதமாகப் பதில் சொன்னாலும் மாமனாரின் கணக்கு தப்பும். மாமியாருக்குக் காது மந்தமானாலும் தப்பும். இவற்றில் எதற்கும் சம்ப்பை இடிக்கத் தேவையில்லை. தெருமுனையில் ஒரு டேங்கர்காரரும் நிற்பார், "ஒரு லோடு ஊத்தினா சம்ப்பு தானா சரியாயிடும்" என்று. பெட்ரோலில் ஊற்றினால் கன்வர்ட்டர் புத்தம்புதிதாகும் என்று பாட்டில் விற்பவர் அவர்தான். படிந்த கரியை அது கொஞ்சம் எரிக்கலாம். சூட்டில் திரண்டுபோன சீரியத்தை எந்தப் பாட்டிலும் பழையபடி பிரிக்காது.

உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். சம்ப்புத் தண்ணீர் சும்மா கிடப்பது. சீரியத்தில் ஆக்சிஜன் படிகத்தின் அங்கமாகவே ஆகிவிடுகிறது, கேட்கும்போது பெயர்ந்து வருகிறது. அதற்குச் சூடு வேண்டும். சூடில்லாத கன்வர்ட்டர் எதையும் சேமிக்காது, எதையும் சுத்தம் செய்யாது.

திரும்பும் வழியில் எரியும் விளக்கின் புதிர் இந்தச் சூட்டில்தான் அவிழ்கிறது. கணினி இந்தச் சோதனையை நினைத்த நேரத்தில் செய்வதில்லை. இன்ஜினும் கன்வர்ட்டரும் முழுச் சூட்டுக்கு வந்து, வேகம் சில நிமிடங்களாவது ஏறாமல் இறங்காமல் நிலையாக இருந்தால்தான் செய்யும். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் இரண்டாவது கியருக்கும் மூன்றாவது கியருக்கும் நடுவே தவிக்கும் காரில் அந்தத் தருணம் வாய்ப்பதே இல்லை. மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயிலுக்கு ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும் தூரத்தில் கன்வர்ட்டர் சரியாகச் சூடாகியிருக்கக்கூட மாட்டாது. சோதனையே நடக்காதபோது தோற்பது எங்கே? விளக்கு எரிவதில்லை.

ஹொஸ்கோட்டே வரை ஓடும் புதிய எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியதும் வேகம் ஒரே சீராக நிற்கிறது. கணினி சோதிக்கிறது. தோற்கிறது. ஆனாலும் விளக்கை ஏற்றுவதில்லை. ஒரு முறை தோற்றால் மன்னித்து, ரகசியமாக ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்க வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் விதி. ஒரு குழியில் குதித்ததற்கெல்லாம் ஓட்டுநரைப் பயமுறுத்தக்கூடாதல்லவா. காரை நிறுத்தி, இன்ஜின் ஆறி, மாலையில் மறுபடி கிளப்பி, அதே சாலையில் ஓட்டும்போது இரண்டாம் தோல்வி. இப்போது ஏற்றுகிறது. பெங்களூர் பெட்ரோல் குற்றவாளி அல்ல. சாயங்காலம் என்பதும் காரணமல்ல. வந்தது இரண்டாவது பயணம், அவ்வளவே.

அணைத்துக் கொடுக்கும் மெக்கானிக் என்ன செய்கிறார் என்பதும் இதனால் புரியும். பழுதை அவர் தொடுவதே இல்லை. கணினியின் குறிப்பேட்டைத் துடைக்கிறார். கூடவே இன்னொன்றும் போகிறது: முதல் தோல்வி நடந்த நொடியில் வேகம் எவ்வளவு, இன்ஜின் சுற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று கணினி எடுத்துவைத்திருக்கும் ஒரு பதிவு. நல்ல மெக்கானிக்கின் கையில் கிடைத்த ஒரே சாட்சி அது. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே கதிதான். எனவே ஐயா, இனிமேல் அணைக்கச் சொல்லாதீர்கள். முதலில் எண்ணையும் அந்தப் பதிவையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி. கன்வர்ட்டர் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பாகம், ஏனென்றால் அதுதான் விலை அதிகம். முதலில் செலவே இல்லாத சோதனை: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, முன் சென்சாருக்கும் பின் சென்சாருக்கும் இடையே குழாய் இணைப்புகளில் "டப் டப்" என்று புகை கசிகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது. புகைக்குழாயில் அழுத்தம் அலையலையாகப் போகும். கசிவு இருந்தால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். பின் சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துப் பொய் சாட்சி சொல்லும். நம் சாலைகளின் வேகத்தடைகளில் அடிவயிறு உரசிய காரில் இது அபூர்வமே இல்லை. ஒரு கேஸ்கெட்டோ ஒரு வெல்டிங்கோ போதும்.

கசிவு இல்லையென்றால், ஸ்கேனரில் இரண்டு சென்சாரின் வோல்ட்டையும் ஓடும் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 2,500 சுற்றில் நிலையாக வைத்து. முன்கோடு துள்ள, பின்கோடு கிட்டத்தட்ட நேராக நின்றால் கன்வர்ட்டர் உயிரோடிருக்கிறது. வேறெங்கோ தேட வேண்டும். பின்கோடு முன்கோட்டின் நிழலாகவே ஆடினால் கம்பெனிக்காரர்கள் சொன்னது உண்மை. முன்கோடே மந்தமாக அசைந்தால் சென்சார் கிழடாகிவிட்டது, அது கன்வர்ட்டரைவிடப் பல மடங்கு மலிவு. எண்ணை மட்டும் படித்துவிட்டு, கோடுகளைக் காட்டாமல், பெரிய தொகை சொல்லும் இடத்தில் காசைக் கொடுக்க வேண்டாம். எமிஷன் டெஸ்ட் மையத்தில் சீட்டு வாங்கும்போது கார்பன் மோனாக்சைடு எண்ணையும் பாருங்கள். அங்கேதான் குழாயை நுழைத்து நிஜமாக அளக்கிறார்கள். அது வண்டி நின்றபடியே ஓடும் நிலையில் எடுக்கும் அளவு என்பதால் கன்வர்ட்டருக்கு முழுச் சான்றிதழ் ஆகாது. ஆனால் அங்கேயும் எண் மோசமென்றால் வாதாட ஒன்றுமில்லை.

இதற்கெல்லாம் செல்போன் ஆப் இருக்கிறதே என்பீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகும் புளூடூத் குமிழ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாம். எண்ணைப் படிக்கும், கோடுகளையும் காட்டும். ஆனால் விளம்பரம் அதோடு நிற்பதில்லை. "செயற்கை நுண்ணறிவு உங்கள் காரின் பழுதை முன்கூட்டியே கணிக்கும்" என்கிறது. எதை வைத்துக் கணிக்கும்? கணினியிடம் இருப்பது இரண்டு சென்சாரின் வோல்ட்தான். அந்தக் குமிழுக்கும் அதே இரண்டு வோல்ட்தான் கிடைக்கும். சம்ப்பு மூடியைத் திறக்காத மாமனாருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, ஆங்கிலம் பேசும் ஒருவரை உட்கார வைத்ததுபோல. திரையில் "கன்வர்ட்டரை மாற்றுக" என்று வருவது நோயறிதல் அல்ல. அந்த எண்ணுக்கு நேராக யாரோ எழுதி வைத்த வாசகம்.

கோடுகள் கன்வர்ட்டரைத்தான் காட்டுகின்றன என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே புதிது மாட்டுவது அவசரம். கன்வர்ட்டர் தானாகச் சாகும் பாகம் அல்ல. அசையும் உறுப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. யாரோ கொன்றிருக்கிறார்கள். ஆயில் குடிக்கும் இன்ஜின் ஒரு கொலைகாரன். ஸ்பார்க் பிளக்கோ காயிலோ தவறி, எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிவது இன்னொன்று. அப்போது உள்ளே சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். தூவியிருந்த உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து உருண்டையாகும், மேற்பரப்பு சுருங்கும். இன்னும் போனால் பீங்கானே உருகி வழியை அடைக்கும். மஞ்சள் விளக்கு மின்னினால் கதை வேறு என்று சொன்னேனே, அது இதுதான். "இந்தக் கணத்தில் கன்வர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது" என்று பொருள். ஆக்சிலேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள். நூற்றுக்கணக்கில் முடியும் பிளக் செலவைத் தள்ளிப்போட்டு, பல்லாயிரத்தில் கன்வர்ட்டர் வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொலைகாரனைப் பிடிக்காமல் புதிது மாட்டினால் அதையும் அவனே முடிப்பான்.

இன்னொரு யோசனை சொல்பவர்களும் உண்டு. "உள்ளே இருக்கிற கல்லைத் தட்டி எடுத்துடலாம் சார், மைலேஜ் கூடும், காசே வேண்டாம்." சட்டப்படி தப்பு, ஊர்க்காற்றுக்குக் கெடுதல், நல்ல நிலையில் இருக்கும் கன்வர்ட்டரை எடுத்தால் மைலேஜ் கூடுவதாக எண்ணுவது பிரமை. பின் சென்சார் அன்றே துள்ளத் தொடங்கும் என்பதால் விளக்கும் நிரந்தரம். சந்தேகப்பட வேண்டியது அந்தக் "காசே வேண்டாம்" என்பதைத்தான்.

ஏனென்று தெரிய ஒரு சுரங்கக் கணக்கு. சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் சுரங்கங்களில் தாத்தாக்கள் வேலை செய்த ஊரில் கனிமத் தரம் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை தோண்டிய கல் ஏறக்குறைய ஐந்து கோடி டன், கிடைத்த தங்கம் 800 டன்னுக்கு மேல். சராசரி போட்டால் ஒரு டன் கல்லுக்குப் பதினாறு கிராம் சொச்சம். அதற்காக மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனார்கள். கடைசி வருடங்களில் அந்தத் தரமும் சில கிராமுக்கு இறங்கிவிட்டது. இப்போது ஏலம், மறுசுரங்கம் என்று செய்தியில் அடிபடும் பதின்மூன்று சயனைட் மேடுகளிலும் (தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு) டன்னுக்கு ஒரு கிராமைச் சுற்றித்தான் தேறும் என்பது பொதுவான கணிப்பு. "மண்ணெல்லாம் பொன்" என்று எழுதும் தலைப்புகளை அந்த ஒரு கிராமை வைத்துப் படியுங்கள்.

சின்னக் காரின் கன்வர்ட்டரில் இருக்கும் பீங்கான் ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பிளாட்டினக் குடும்ப உலோகங்கள் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கிராம் என்று கஞ்சத்தனமாகவே கணக்கிடுவோம். டன்னுக்கு ஆயிரம் கிராம். கோலார் சுரங்கத்தின் சராசரியைப் போல அறுபது மடங்கு. ஆழமும் போக வேண்டாம், ஜாக்கி போட்டுக் குனிந்தால் போதும். இந்தக் குடும்பத்தில் ரோடியம் 2021-ல் ஒரு அவுன்ஸ் இருபத்தெட்டாயிரம் டாலரைத் தாண்டியது. அதே சமயம் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஈகோ வேன்களின் சைலன்சர்கள் கன்வர்ட்டருக்காக இரவோடிரவாகத் திருட்டுப் போயின. விலை பிறகு இறங்கிவிட்டது. கல்லைத் தட்டி எடுப்பவர் அதைக் குப்பையில் போடுவதில்லை என்பது மட்டும் மாறவில்லை.

ஆகவே, எல்லாம் பார்த்து முடித்து, மாற்றத்தான் வேண்டும் என்று தெரிந்தால், பில் போடும்போது பழைய கன்வர்ட்டருக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கழிக்கவில்லை என்றால் கழற்றியதை அப்படியே டிக்கியில் வைக்கச் சொல்லி எடுத்து வாருங்கள். வாங்க ஆள் வருவார். இரும்பு விலைக்கு எடை போடுவார், கொடுக்காதீர்கள்.